பேபி வண்டியில ரைஃபிள்: தூக்குறதா, உருட்டுறதா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேசும்போது வந்த திரும்பச் சொல்லல்களையும் தடுமாற்றங்களையும் எடுத்திருக்கோம்.)

இன்னைக்கு நேரா ஒரு காட்சிக்குள்ள போயிடலாம்.

அமெரிக்காவுல ஓஹையோ மாநிலம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. புல்லெல்லாம் ஈரம். அறுபதை நெருங்குற ஒருத்தர் ஒரு பேபி ஸ்ட்ரோலரைத் தள்ளிட்டு வர்றார். மூணு சக்கரம், சைக்கிள் டயர் மாதிரி பெரிய டயர், கைப்பிடியில ஃபோம் சுத்தியிருக்கு. பேரனையோ பேத்தியையோ கூட்டிட்டு வர்றார்னு நினைச்சு எட்டிப் பார்த்தேன். குழந்தை இல்ல. செங்குத்தா நிக்குற ஒரு ரைஃபிள், கீழ ஒரு இரும்புப் பெட்டி, சுருட்டி வச்ச பாய், ஒரு டெலஸ்கோப், மடக்கு ஸ்டூல், ரெயின்கோட்.

அவர் எங்க டீம் சீனியர். நான் அப்போ ஆன்சைட்ல இருந்தேன். "வீக்கெண்ட்ல சும்மாதானே இருக்கே, வா, ஒரு போட்டி பாரு"ன்னு கூப்பிட்டார். துப்பாக்கி மேல எனக்குப் பெருசா ஈர்ப்பு கிடையாது; அந்த நாட்டுல அதைச் சுத்தி நடக்குற விஷயங்கள் உங்களுக்கே தெரியும். ஆனா அந்த வண்டி என்னை விடல. இதை யார் கண்டுபிடிச்சாங்க? ஏன் இவ்வளவு நாள் ஆச்சு? ஒரு குழந்தையோட வண்டி எப்படி இங்க வந்து சேர்ந்துச்சு?

அந்தக் கேள்விகளோட பதில்தான் இந்த எபிசோட்.

முதல்ல, என்னத்தைத் தூக்கணும்?

ஷூட்டிங் போட்டின்னா நாம டிவியில ஒலிம்பிக்ஸ்ல பார்க்கிற ஏசி ஹால்தான் ஞாபகம் வரும். ஒரு பெட்டியோட வந்தா போதும். ஆனா அமெரிக்காவுல 'ஹை பவர்' ரைஃபிள் போட்டின்னு ஒண்ணு இருக்கு. அது முழுக்க வெட்டவெளி. முதல்ல 200 கஜத்துல நின்னுக்கிட்டு சுடணும். அதே தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு வேகமா சுடணும். அடுத்து 300 கஜத்துல படுத்துக்கிட்டு. கடைசியா 600 கஜத்துல படுத்துக்கிட்டு, நிதானமா.

200 கஜம்னா சுமார் 183 மீட்டர். 600 கஜம்னா சுமார் 550 மீட்டர். பெரும்பாலான மைதானங்களில் டார்கெட் இருக்கும் இடத்திலேயே இருக்கும். ஆள்தான் பின்னால் நகர வேண்டும். அதாவது ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மொத்த சாமானையும் கட்டி எடுத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்கு நடக்க வேண்டும். இதற்கு நடுவில் டார்கெட் குழியில் வேலை முறை வரும். மற்றவர்கள் சுடும்போது நீங்கள் அந்தக் குழிக்குள் இருந்து டார்கெட்டை இறக்கி, ஓட்டையைப் பார்த்து, அடையாளம் வைத்து மேலே ஏற்ற வேண்டும். அதற்கும் நடைதான்.

எடையைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க்கால எம்-1 கராண்ட் ரைஃபிள் சுமார் 4.3 கிலோ. இந்தப் போட்டிகளில் இப்போது அதிகம் பயன்படும் ஏஆர்-15 வகையில், ஆட்டம் குறைவதற்காக ஈயக்கட்டியைச் சேர்த்து வேண்டுமென்றே எடையைக் கூட்டுவார்கள். கராண்டின் தோட்டா ஒன்று சுமார் 27 கிராம். 100 தோட்டா என்றால் 2.7 கிலோ. கனமான ஷூட்டிங் கோட், ஸ்கோப், அதற்கு ஸ்டாண்ட், பாய், ஸ்டூல், தண்ணீர், மழை உடை. எல்லாம் சேர்ந்தால் 20 கிலோ சர்வசாதாரணம்.

"20 கிலோதானே, ஜிம்ல தூக்குறோமே"ன்னு தோணும். பிரச்சினை கை வலி இல்ல, நாடித்துடிப்பு. ரைஃபிளை வாரோட இறுக்கிப் பிடிச்சுக் குறி பார்க்கும்போது, உங்க இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் குறி லேசா அசையும். மூச்சு வாங்க நடந்து வந்து படுத்தீங்கன்னா அந்த அசைவு இன்னும் கூடும். அதனால சாமானை எப்படி எடுத்துட்டு வந்தீங்கங்கிறது நேரா உங்க ஸ்கோர்ல வந்து நிக்கும்.

ராணி சுட்ட முதல் குண்டு

இப்போ வரலாறு. 1859-ல் பிரிட்டனில் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் தொடங்கியது. பிரான்ஸ் படையெடுத்து வந்துவிடுமோ என்ற பயம் பரவியிருந்த காலம். ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் தன்னார்வப் படைகளில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சுடக் கற்றுத்தரத்தான் சங்கம். 1860 ஜூலை 2-ம் தேதி லண்டனுக்குப் பக்கத்தில் விம்பிள்டனில் முதல் போட்டி. ஆமா, இப்போ நமக்கு டென்னிஸ் ஞாபகம் வர்ற அதே விம்பிள்டன்.

முதல் குண்டைச் சுட்டது விக்டோரியா ராணி. ஆனால் அவர் ரைஃபிளைத் தூக்கவே இல்லை. விட்வொர்த் ரைஃபிள் ஒன்றை ஒரு தாங்கியில் பொருத்தி, 400 கஜத்தில் இருந்த டார்கெட்டுக்கு ஏற்கெனவே குறி சரிசெய்து வைத்திருந்தார்கள். ட்ரிகரில் ஒரு பட்டுக் கயிறு. ராணி கயிற்றை இழுத்தார், குண்டு நடுப்புள்ளிக்கு மிக அருகில் போய்ப் பட்டது. சங்கத்தின் வரலாற்றில் முதல் குண்டே சுமை தூக்காமல் சுடப்பட்டது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அந்த ரைஃபிளைத் தூக்கி வந்து பொருத்தியவர்கள் வேறு ஆட்கள், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு? விம்பிள்டன் மைதானத்தில் ஆட்களைக் கொண்டுபோக ஒரு குட்டி டிராம் இருந்தது. முதலில் குதிரை இழுத்தது, பிறகு நீராவி இன்ஜின். 1890-ல் போட்டிகள் பிஸ்லி என்ற இடத்துக்கு மாறின. அங்கே ப்ரூக்வுட் ஸ்டேஷனில் இருந்து ஒரு கிளை ரயில் பாதையே போட்டார்கள். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் 'பிஸ்லி புல்லட்'. 1952-ல் அந்தப் பாதை மூடப்பட்டது.

அந்தக் காலத்துத் தீர்வைக் கவனிங்க. சுமைக்கு ரயில் வந்துச்சு, வேலைக்காரர் வந்தார், ராணுவத்துல இருந்து வந்தவங்களுக்குப் படைப்பிரிவோட வண்டி வந்துச்சு. தனியா வர்ற ஒருத்தர் தன் சாமானைத் தானே எப்படி உருட்டிட்டுப் போறதுங்கிற கேள்வி பெருசா எழவே இல்ல.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1871-ல் அங்கே ஒரு ரைஃபிள் சங்கம். 1873-ல் நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் க்ரீட்மோர் மைதானம். அப்புறம் நியூ ஜெர்ஸியில் சீ கர்ட். 1907-ல் தேசியப் போட்டிகள் ஓஹையோவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரிக்கு வந்தன. அகலமான புல்வெளி, ஏரிக்காற்று, திடீர் மழை. போட்டியில் ராணுவ அணிகளும் உண்டு, சாதாரணக் குடிமக்களும் உண்டு. ராணுவத்திடம் உபரியாக இருந்த ரைஃபிள்களைக் குடிமக்களுக்கு விற்கும் அரசுத் திட்டமும் இருந்தது. கராண்ட் ரைஃபிள் கைக்குக் கிடைத்தது. அதைச் சுமக்க ஒரு படைப்பிரிவு கூடவே வரவில்லை.

ராணுவத்தின் கைவண்டி

படைகளிடம் கைவண்டி உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் பட்டியலில் எம்-3-ஏ-4 என்று ஒன்று இருந்தது. அதிகாரப்பூர்வப் பெயரைத் தமிழில் சொன்னால் 'பொதுப் பயன்பாட்டுக் கைவண்டி'. ஒரு உலோகப் பெட்டி, இரண்டு காற்றடித்த டயர், முன்னால் இழுக்கக் கைப்பிடி. விமானத்தில் இருந்து இறங்கும் படைகளுக்கு ஜீப் எப்போதும் கிடைக்காது. மெஷின் கன், மோர்ட்டார், தோட்டா, டெலிபோன் வயர் எல்லாம் இதில்தான் போயின. இதே அடித்தளத்தில் மெஷின் கன்னுக்கு ஒரு வகை, மோர்ட்டாருக்கு ஒரு வகை என்று தனித்தனியாகவும் செய்தார்கள். நார்மண்டிப் படங்களில் பாராசூட் வீரர்கள் இந்த வண்டியை இழுத்துக்கொண்டு கிராமத்துச் சாலையில் நடப்பதைப் பார்க்கலாம்.

நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா இது ஒரு பிளாட்ஃபார்ம். அடி ஒண்ணு, மேல என்ன வேணும்னாலும் மாத்திக்கலாம். இந்த எபிசோட்ல வர்ற எல்லா வண்டிக்கும் இந்த யோசனைதான் அடிப்படை.

இன்னும் பின்னாடி போகணுமா? சீனாவில் ஹான் வம்சக் காலச் சிற்பங்களிலேயே ஒற்றைச் சக்கர வண்டி இருக்கிறது. கி.பி. 231-ல் ஜூகெ லியாங் என்ற தளபதி தன் படைக்குத் தானியம் கொண்டுபோக 'மர எருது' என்ற வண்டியைப் பயன்படுத்தியதாகச் சீன வரலாறு சொல்கிறது. பிற்காலச் சீன வண்டிகளின் சூட்சுமம் ரொம்ப எளிமை: பெரிய சக்கரம் சுமைக்கு நேர் கீழே, நடுவில். ஐரோப்பாவின் வண்டியில் சக்கரம் முன்னால், கைப்பிடி பின்னால், சுமை இரண்டுக்கும் நடுவில். பாதி எடை தள்ளுகிறவர் கையில். சீன வண்டியில் கிட்டத்தட்ட முழு எடையும் சக்கரத்தின் மேல். இதை மறந்துடாதீங்க, எங்க சீனியரோட கதையில திரும்ப வரும்.

சக்கரம் இருந்துச்சு, மானம் விடல

இப்போ பெரிய கேள்வி. சக்கரம் ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு. சூட்கேஸ் இருக்கு. ரைஃபிள் இருக்கு. ரெண்டையும் சேர்க்க ஏன் இவ்வளவு நாள்?

1937 ஜூன் 4. ஓக்லஹோமா சிட்டி. சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர் தன் 'ஹம்டி டம்டி' கடைகளில் ஒரு புதுப் பொருளை வைக்கிறார். மடக்கு நாற்காலியைப் பார்த்து வந்த யோசனை: கீழே சக்கரம், மேலே இரண்டு கூடை. உலகின் முதல் ஷாப்பிங் கார்ட்களில் ஒன்று. கூட்டம் அள்ளும் என்று நினைத்தார். யாரும் தொடவில்லை. அவரே பின்னாளில் சொன்ன காரணம்: இளைஞர்களுக்கு, "ஒரு கூடை தூக்கக்கூட எனக்குத் தெம்பில்லையா?" என்ற ரோஷம். பெண்களுக்கு, பேபி வண்டி தள்ளித் தள்ளியே சலித்துப்போச்சு, கடையிலுமா என்ற எரிச்சல். கடைசியில் கோல்ட்மேன் காசு கொடுத்து ஆட்களை அமர்த்தி, வாடிக்கையாளர் போல கடைக்குள் வண்டியைத் தள்ளவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் தொட்டார்கள்.

1970-ல் பெர்னார்ட் சாடோ என்பவர் சூட்கேஸில் நாலு சக்கரமும் ஒரு வாரும் பொருத்தினார். பல கடைகள் திருப்பி அனுப்பின. ஆண்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போக மாட்டார்கள் என்ற நினைப்புதான் தடையாக இருந்தது என்று அவரே பின்னர் சொன்னார். மேசீஸ் கடை வாங்கிய பிறகு நிலைமை மாறியது. 1972-ல் காப்புரிமை கிடைத்தது. மனுஷன் நிலாவுல கால் வச்சது 1969. தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 1987-ல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் பைலட் ராபர்ட் பிளாத், இரண்டு சக்கரத்தில் பெட்டியை நிமிர்த்தி, நீளும் கைப்பிடி வைத்தார். இன்னைக்கு நாம இழுத்துட்டுப் போற பெட்டி அதோட வாரிசு. விமானப் பணியாளர்கள் கையில் பார்த்த பிறகுதான் பயணிகள் கேட்க ஆரம்பித்தார்கள்.

கோல்ஃபிலும் இதே. அங்கே பையைத் தூக்க கேடி என்று ஆள் உண்டு. 1913 யுஎஸ் ஓப்பனை ஃபிரான்சிஸ் வீமெட் ஜெயித்தபோது பை தூக்கியது எட்டி லோவரி என்ற 10 வயதுப் பையன். அடுத்த இருபது வருஷத்தில் சிலர் 20-க்கும் மேல் மட்டைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தார்கள். தூக்குவது வேறொருவர்தானே! 1938-ல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 14 மட்டைதான் என்று வரம்பு வைத்தது. 1940-களில் இரண்டு சக்கரக் கைவண்டி பரவியது, பிறகு மோட்டார் வண்டி. கேடி வேலை சுருங்கியது.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். சக்கரம் வந்தா ஒருத்தர் முதுகு தப்பிக்கும், இன்னொருத்தர் வேலை போகும். எழும்பூர் ஸ்டேஷன்ல சிவப்புச் சட்டை போர்ட்டரைத் தாண்டி நாம டிராலி பேகை உருட்டிட்டுப் போறோமே, அந்தச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்கும்னு நான் ரொம்ப நாள் யோசிச்சதே இல்ல.

ரைஃபிள் மைதானத்தில் அப்படி வேலை இழக்க யாரும் இல்லை. அங்கே அவரவர் சாமானை அவரவர்தான் தூக்கினார்கள். அதனால் ஹை பவர் ஆட்கள் செய்த முதல் வேலை, பழைய கோல்ஃப் கைவண்டியை எடுத்து மாற்றியது. கோல்ஃப் பை உட்கார்ந்த இடத்தில் ரைஃபிள் கட்டை உட்காரும். மேலே பை வார் இருந்த இடத்தில் குழலைப் பிடிக்க ஒரு வளையம். நடுவில் ஸ்டூலைத் தொங்கவிடக் கொக்கி. பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை, ஏனென்றால் கோல்ஃப் மட்டையும் ரைஃபிளும் ஒரே வடிவச் சிக்கல்: நீளம், ஒல்லி, அடிபடக் கூடாது.

குழந்தை எப்போ இறங்கிச்சு?

ஸ்ட்ரோலரோட கதையும் ஒரு இன்ஜினியர் கதைதான். ஓவன் மெக்லாரன். ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். மாஸ்கோவில் இருந்து வந்த மகள், கனமான குழந்தை வண்டியோடு திணறுவதைப் பார்த்தார். விமானச் சக்கரம் மடங்குகிற மாதிரி, அலுமினியக் குழாயில் குடை போல மடங்கும் வண்டியை 1965-ல் வடிவமைத்தார். எடை 2.7 கிலோ. 1967-ல் விற்பனைக்கு வந்தது.

அது நடைபாதைக்கு நல்லது, புல்லுக்கு ஆகாது. சின்னச் சக்கரம். 1980-ல் வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா ஊரில் ஃபில் பேக்லர் என்பவர் மகனையும் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தார். சாதாரண ஸ்ட்ரோலர் ஒத்துழைக்கவில்லை. சைக்கிள் சக்கரத்தைப் பொருத்தினார். அதிலிருந்துதான் மூணு சக்கர ஜாகிங் ஸ்ட்ரோலர். நாலு வருஷத்தில் அதுவே தொழிலாகிவிட்டது.

அதே சமயம் துப்பாக்கிப் போட்டிகளும் மாறிக்கொண்டிருந்தன. 1976-ல் மிசௌரியின் கொலம்பியாவில் ஐபிஎஸ்சி என்ற பிராக்டிகல் ஷூட்டிங் அமைப்பு உருவானது. 1980-களில் 'த்ரீ-கன்' போட்டிகள் வந்தன: ஒரே ஆள் ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் மூன்றையும் கொண்டுவர வேண்டும். மூன்றுக்கும் தனித்தனித் தோட்டா. மைதானத்தில் மண்மேடுகளுக்கு நடுவே பல கட்டங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாள் முழுக்க நடை, ஜல்லி, சேறு. கோல்ஃப் வண்டி இங்கே தோற்றது. அப்போது ஒவ்வொரு வீட்டு கராஜிலும் ஒரு பொருள் தூங்கிக்கொண்டிருந்தது: பிள்ளைகள் வளர்ந்த பிறகு யாருக்கும் தேவைப்படாத ஜாகிங் ஸ்ட்ரோலர்.

பேராசிரியர் எரிக் வான் ஹிப்பெல் 1986-ல் 'லீட் யூசர்' என்ற கருத்தை முன்வைத்தார். சந்தைக்கு வருவதற்கு முன்பே ஒரு தேவையை அனுபவிக்கிற பயனர்கள், தாங்களே தீர்வை ஒட்டவைத்துக்கொள்வார்கள்; கம்பெனிகள் பிறகுதான் வரும் என்பது அதன் சாரம். ரேஞ்ச் வண்டி அப்படியே அதுதான். முதல்ல கராஜ், அப்புறம் கேட்லாக்.

ஏன் பெரிய சக்கரம்? ஒரு சின்னக் கணக்கு

கணக்குப் பிடிக்காதவங்க ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க. உங்க வண்டிச் சக்கரத்துக்கு முன்னாடி 2.5 செ.மீ. உயரத்துல ஒரு கல்லு. சக்கரத்து மேல 20 கிலோ சுமை. ஓட்டம் இல்லாம, நின்ன இடத்துல இருந்து அதை ஏத்தணும்.

சக்கரத்தோட ஆரம் 5 செ.மீ. (சூட்கேஸ் சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெருசு) அப்படின்னா, அச்சுல கிடைமட்டமா சுமார் 35 கிலோ எடை அளவுக்கு இழுக்கணும். அதாவது சுமையைவிட அதிகம். தூக்கிட்டே போயிடலாம்! ஆரம் 20 செ.மீ. ஆனா வெறும் 11 கிலோ போதும். கல்லு அதே, சுமை அதே, மூணுல ஒரு பங்கு விசை. காற்று டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறதால நிஜத்துல இன்னும் சுலபம். ஈர மண்ணுல சின்னச் சக்கரம் புதையும், பெருசு மிதக்கும்.

இதனாலதான் ஏர்போர்ட் பெட்டியை மைதானத்துல இழுத்தா அழுகை வருது. வழவழப்பான தரைக்குச் செஞ்ச பொருள் அது.

சீனியரோட வண்டி, இரண்டு பதிப்பு

இப்போ அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வர்றேன். சீனியருக்கு முதுகுத் தட்டுப் பிரச்சினை. இருபத்தஞ்சு வருஷமா போட்டிக்குப் போறவர், முந்தின சீசன்ல பாதியிலேயே நிறுத்திட்டார். சுடறதுல கஷ்டம் இல்ல. 300-ல இருந்து 600 கஜக் கோட்டுக்கு மூட்டையோட நடக்கிறதுதான் முடியல. டாக்டர் "தூக்காதீங்க"ன்னு சொல்லிட்டார். கூட இருந்தவங்க, "நாங்க தூக்கிட்டு வர்றோம்"னு சொன்னாங்க. அவருக்கு அது பிடிக்கல. தன் சாமானை இன்னொருத்தர் தூக்குற நாள் வந்தா வீட்டுலயே இருந்துடுறேன்னு என்கிட்ட சொன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார், ஆனா அது ஜோக் இல்ல.

அப்புறம்தான் பேத்தியோட பழைய ஸ்ட்ரோலர் கண்ணுல பட்டிருக்கு. துணி சீட்டை எடுத்துட்டு பிளைவுட் பலகை. ரைஃபிள் கட்டைக்கு ரப்பர் வச்ச ஒரு கிண்ணம். குழலுக்கு மேல ஃபோம் சுத்தின பி.வி.சி. பைப். தோட்டாப் பெட்டியைக் கைப்பிடிப் பக்கம் உயரமா மாட்டியிருந்தார், குனிய வேண்டாம்னு.

200, 300 ரெண்டும் நல்லா முடிஞ்சது. 600-க்குப் போற வழியில ஒரு சின்னச் சரிவு. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்துல இறங்குச்சு. வண்டி மெதுவா, ரொம்ப மெதுவா, பக்கவாட்டுல சாய்ஞ்சு விழுந்துச்சு. ரைஃபிளும் விழுந்துச்சு.

பக்கத்துல நடந்தவங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. ரேஞ்ச் அதிகாரி வந்து பார்த்தார். போல்ட் திறந்திருந்தது. தோட்டா அறைக்குள்ள ஆரஞ்சு நிறத்துல ஒரு பிளாஸ்டிக் கொடி சொருகியிருந்தது, உள்ள தோட்டா இல்லைங்கிறதுக்கு அடையாளம். கோட்டுல இருந்து நகரும்போது அதைச் சொருகணும்ங்கிறது கட்டாய விதி. அந்தச் சின்னக் கொடியோட மதிப்பு எனக்கு அப்போதான் புரிஞ்சது. வண்டின்னா சுமை தூக்குற பொருள் மட்டும் இல்ல. ஆயுதத்தோட முனை எந்தப் பக்கம் பார்க்குதுங்கிற பொறுப்பும் அதுக்கு இருக்கு. நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் முனை வானத்தைப் பார்க்குது. சாய்ஞ்சா மனுஷங்களைப் பார்க்குது.

யாருக்கும் எதுவும் ஆகல. ஆனா ரைஃபிளோட சைட் நகர்ந்துடுச்சு. 600-ல அவர் குண்டெல்லாம் இடது பக்கமா போச்சு. அன்னைக்கு ஸ்கோர் காலி. வண்டியைத் தள்ளிட்டு வந்தவர் முகத்துல நான் பார்த்தது தோல்வி இல்ல, அவமானம். ஓக்லஹோமா கடையில கூடை தூக்கின இளைஞர்கள் பயந்தாங்களே, அதே அவமானம்.

அடுத்த வாரம் அவர் கராஜ்ல ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். தப்பு என்னன்னு பார்க்க ரொம்ப நேரம் ஆகல. நீளமான ரைஃபிள் நிமிர்ந்து நிக்குது. அதோட எடை ஏற்கெனவே உயரத்துல. கனமான தோட்டாப் பெட்டியும் உயரத்துல. குழந்தை உட்கார்ந்தா எடை தாழ்வா, அச்சுக்குப் பக்கத்துல இருக்கும். ஸ்ட்ரோலரை அதுக்குத்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. நாங்க குழந்தையை இறக்கினோம், ஆனா அதோட ஈர்ப்பு மையத்தைத் திருப்பி வைக்க மறந்துட்டோம்.

தோட்டாப் பெட்டியைப் பின் அச்சுக்கு நேர் மேல, முடிஞ்ச அளவு கீழ இறக்கினோம். தண்ணி பாட்டிலும் அங்கதான். ரைஃபிள் கிண்ணத்தை அச்சுக்கும் கீழ கொண்டுவந்தோம். பின்சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைக் கூட்ட நீளமான அச்சு ஒண்ணு போட்டோம். முன் சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பாம பூட்டினோம். கைப்பிடியில இருந்து தொங்கின பிரேக் வாரை மணிக்கட்டுல மாட்டிக்கிற மாதிரி விட்டோம். கடைசியா அவர் வண்டியைக் கைப்பிடியில பிடிச்சு லேசா தூக்கிப் பார்த்தார். கையில எடையே இல்ல. மர எருது செஞ்சவங்க பார்த்திருந்தா தலையை ஆட்டியிருப்பாங்க.

அந்த சீசன்ல மீதி நாலு போட்டிக்கும் போனார். எதுலயும் ஜெயிக்கல. 600 கஜக் கோட்டுக்குத் தானே நடந்து போனார். மூணாவது போட்டியில இன்னொரு பெரியவர் வந்து, அச்சு எங்க வாங்கினேன்னு கேட்டார். சீனியர் பேப்பர்ல படம் வரைஞ்சு கொடுத்தார்.

தோள்ல போற ஒரே ஒருத்தர்

முடிக்கிறதுக்கு முன்னாடி பிஸ்லிக்கு ஒரு தடவை திரும்பிப் போகலாம். அங்கே மிகப் பெரிய பரிசு, அரியணையில் இருப்பவரைப் பொறுத்து ராஜா பரிசு அல்லது ராணி பரிசு. ஜெயித்தவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மற்ற போட்டியாளர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். 1930-ல் மார்ஜரி ஃபாஸ்டர் அந்தப் பரிசை ஜெயித்த முதல் பெண் ஆனார். அவரையும் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது.

ரைஃபிள், தோட்டா, பாய், ஸ்டூல் எல்லாம் சக்கரத்துக்கு மாறிடுச்சு. அந்த நாற்காலிக்கு மட்டும் இன்னும் யாரும் சக்கரம் போடல. போட மாட்டாங்கன்னும் நினைக்கிறேன்.

நான் ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு சீனியர் ஏர்போர்ட்டுக்கு வந்தார். என் பெட்டியைத் தூக்கப் போனார். நான் கைப்பிடியை இழுத்து, உருட்டிக் காட்டினேன். "வீல்ஸ் சின்னது"ன்னார்.

உங்க வீட்டுல இப்படி ஏதாவது ஒட்டுப்போட்ட வண்டி இருந்தா, அதோட கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.